நர்சு மகள் எந்த ஊரில் வேலை பார்ப்பது?

காலை மணி ஆறு. ஸ்ரீரங்கம் கோவிலில் விசுவரூப தரிசனத்துக்குக் கூட்டம் போகிறது. ராஜகோபுரத்தின் அருகே 1-ஆம் நம்பர் பஸ் வந்து நிற்கிறது. இரண்டு பெண்கள் அவசரமாக ஏறுகிறார்கள். காலை டூட்டிக்குப் போகும் நர்சுகள் அவர்கள்.

மணி எட்டரை. அதே இடத்தில் வேறொரு பெண் பஸ்சை விட்டு இறங்குகிறாள். கண்கள் சிவந்திருக்கின்றன. இரவு டூட்டி முடிந்து வீடு திரும்புகிறாள்.

ஸ்ரீரங்கத்தில் இது தினமும் காணும் காட்சி. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆனால் வீட்டில் ஒரு பெண் நர்சு படிப்பை முடித்துவிட்டால் போதும். அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அத்தனை பேரும் யோசனை சொல்கிறார்கள்!

வீட்டுக்கு வீடு பேச்சு

"அரசாங்க வேலை வரும்வரை காத்திரு" என்கிறார் அப்பா.

"பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிடு. ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம்" என்கிறாள் அம்மா.

"சென்னைக்கு அனுப்புங்கள். சம்பளம் கூட வரும்" என்கிறார் மாமா.

"என் சிநேகிதனின் மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். வீடே கட்டிவிட்டார்கள்" என்கிறார் பெரியப்பா.

"கல்யாணம் ஆகட்டும். மாப்பிள்ளை எந்த ஊரோ அந்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறாள் பாட்டி.

எல்லோரும் பேசியாகிவிட்டது. ஒருவர் மட்டும் பேசவில்லை. அவள்தான் வேலைக்குப் போகப் போகிறவள். அவளை யாரும் கேட்கவே இல்லை!

இது எந்த வீடு என்று சொல்ல வேண்டியதில்லை. திருச்சியில் பல வீடுகளில் நடப்பதுதான் இது.

எந்த ஊரில் வேலை பார்ப்பது, எங்கே தங்குவது என்ற முடிவை எடுக்க வேண்டியவள் அந்தப் பெண்தான். இரவெல்லாம் கண் விழிக்கப் போகிறவள் அவள். நோயாளியின் உயிருக்குப் பதில் சொல்லப் போகிறவளும் அவள். வீட்டார் துணை நிற்கலாம். கணக்குப் போட்டுக் காட்டலாம். தீர்ப்பு எழுதக் கூடாது.

திருச்சியில் என்ன குறை?

நர்சு வேலைக்குத் திருச்சி சின்ன ஊர் அல்ல. புத்தூரில் மகாத்மா காந்தி நினைவு அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. கி.ஆ.பெ. விசுவநாதம் பெயரால் 1997-ல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியுடன் சேர்ந்தது அது. ஸ்ரீரங்கத்திலும் அரசு ஆஸ்பத்திரி உண்டு.

ரெயில்வேக்குப் பொன்மலையில் ஆஸ்பத்திரி இருக்கிறது. 'பெல்' தொழிற்சாலைக்குக் கைலாசபுரத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஜோசப் கண் ஆஸ்பத்திரி போன்ற பழைய மிஷன் ஆஸ்பத்திரிகளும் உண்டு. தில்லைநகர், தென்னூர், கண்டோன்மெண்டு பக்கம் போனால் தெருவுக்குத் தெரு தனியார் ஆஸ்பத்திரிதான்.

அரியலூர், பெரம்பலூர், புதுக்கோட்டை, கரூர் ஆகிய இடங்களிலிருந்தெல்லாம் நோயாளிகள் இங்கே வருகிறார்கள். ஆகவே வேலை இருக்கிறது. கற்றுக்கொள்ள நோயாளிகளும் இருக்கிறார்கள்.

பிறகு ஏன் பெண்கள் வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போகிறார்கள்? மூன்று காரணங்கள். சம்பளம், வேலைப் பளு, மரியாதை.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

முதலில் சம்பளம். உதாரணத்துக்கு ஒரு கணக்கு.

சென்னையில் மாதம் 25 ஆயிரம் ரூபாய் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். திருச்சியில் 15 ஆயிரம். வித்தியாசம் 10 ஆயிரம். "சென்னைதான்!" என்று யாரும் சொல்லிவிடுவார்கள்.

சற்றுப் பொறுங்கள். சென்னையில் தங்கும் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் 9 ஆயிரம் போகிறது என்று வையுங்கள். ஊருக்குள் போய்வர 1,500. மாதம் ஒரு முறை வீட்டுக்கு வந்து போக 2 ஆயிரம். மிச்சம் 12,500.

திருச்சியில் வீட்டிலிருந்தே போகிறாள். அரசு டவுன் பஸ்சில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. கைச்செலவுக்கு 2,500 போனாலும் மிச்சம் 12,500. இரண்டும் சரியாகப் போய்விட்டது!

அப்படியானால் சென்னைக்குப் போகவே கூடாதா? போகலாம். பணத்துக்காக மட்டும் போக வேண்டாம். அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை கற்றுக்கொடுப்பார்களா? ஆபரேஷன் தியேட்டரில் பழக விடுவார்களா? அப்படியானால் அந்த அனுபவம் 10 ஆயிரத்தை விடப் பெரியது. அதை யாரும் திருட முடியாது.

முதல் இரண்டு ஆண்டுகள் சம்பளத்தைவிட வேலை கற்கும் இடம்தான் முக்கியம். அந்த இடம் புத்தூரில் இருந்தாலும் சரி. சென்னையில் இருந்தாலும் சரி.

அரசு வேலையின் மறுபக்கம்

"அரசாங்க வேலை என்றால் கவலை இல்லை" என்று அப்பா சொல்கிறாரே, அது உண்மையா? பாதி உண்மை.

தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2012-ல் ஏற்பட்டது. 2015-ல் அது பரீட்சை வைத்து ஆயிரக்கணக்கான நர்சுகளைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் உடனே முழுச் சம்பளம் கிடைக்கவில்லை. தொகுப்பூதியமாக மாதம் 7,700 ரூபாய்தான். இரண்டு ஆண்டு கழிந்தால் நிரந்தரம் ஆகும் என்று நம்பிச் சேர்ந்தார்கள்.

இரண்டு ஆண்டு ஓடியது. நிரந்தரம் வரவில்லை. 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். கைக்குழந்தையோடு வந்த தாய்மார்களும் உண்டு. தொகுப்பூதியம் பின்னால் 14 ஆயிரமாயிற்று. பிறகு 18 ஆயிரமாயிற்று. பலருக்கு நிரந்தரம் கிடைத்தது. பலர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள்.

அரசு வேலையில் இன்னொன்றும் உண்டு. முதல் வேலை சொந்த ஊரில் கிடைக்கும் என்று உறுதி இல்லை. எங்கோ மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலும் போடலாம்.

ஆகவே பரீட்சை எழுதட்டும். ஆனால் அதற்காக வீட்டில் சும்மா உட்கார்ந்து காத்திருக்க வேண்டாம். நர்சு வேலை கை வேலை. இரண்டு ஆண்டு சும்மா இருந்தால் கை மறந்துவிடும்.

கல்லில் எழுதிய கூலி

காஞ்சிபுரத்தின் அருகே திருமுக்கூடல் என்று ஓர் ஊர். அங்குள்ள பெருமாள் கோவிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் ஓர் ஆஸ்பத்திரியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அன்று அதற்கு 'ஆதுலர் சாலை' என்று பெயர்.

15 படுக்கைகள். ஒரு வைத்தியர். கத்தி வைத்து அறுத்துச் சிகிச்சை செய்ய ஒருவர். பச்சிலை கொண்டுவர ஆட்கள். இவர்களோடு மருந்து காய்ச்சி நோயாளிகளைக் கவனிக்கும் பெண்களும் உண்டு. அந்தக் காலத்து நர்சுகள் இவர்கள்!

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இவர்களுக்கு என்ன கூலி என்பதையும் அந்தக் கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். ஊரறியக் கல்லில் எழுதினார்கள்.

சுமார் 950 ஆண்டுகள் கழிந்துவிட்டன. இன்று சில தனியார் ஆஸ்பத்திரிகளில் நர்சின் சம்பளத்தைக் காகிதத்தில் எழுதிக் கொடுக்கக்கூடத் தயங்குகிறார்கள்!

தனியார் ஆஸ்பத்திரி நர்சுகளின் சம்பளம் பற்றிச் சுப்ரீம் கோர்ட்டு வரை வழக்குப் போயிற்று. கோர்ட்டு 2016-ல் சொன்னபடி மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. அந்தக் குழு சொன்னது இது: 200 படுக்கைக்கு மேல் உள்ள ஆஸ்பத்திரியில் அரசு நர்சுக்குச் சமமான சம்பளம் வேண்டும். 100 படுக்கைக்கு மேல் என்றால் பத்து சதவீதம் வரைதான் குறையலாம். 50 முதல் 100 படுக்கை என்றால் 25 சதவீதம் வரைதான் குறையலாம். மிகச் சிறிய ஆஸ்பத்திரியிலும் மாதம் 20 ஆயிரத்துக்குக் குறையக் கூடாது.

யோசனை நல்ல யோசனை. ஆனால் யோசனை சட்டம் ஆகாது. அதைச் செயலாக்குவது மாநிலங்களின் பொறுப்பு என்று விடப்பட்டது. எத்தனை ஆஸ்பத்திரிகள் இதைக் கடைப்பிடிக்கின்றன? நர்சுகளைக் கேட்டால் தெரியும்.

"எங்கள் நர்சுகள் இரண்டு வருடம் ஆனால் ஓடிவிடுகிறார்கள்" என்று ஆஸ்பத்திரி நடத்துகிறவர்கள் குறைப்படுகிறார்கள். ஏன் ஓட மாட்டார்கள்? நியாயமான சம்பளமும் எழுத்தில் உத்தரவும் கொடுத்துப் பாருங்கள். சொந்த ஊரை விட்டு ஓட யாருக்கு ஆசை?

கடல் கடந்து போகிறவர்கள்

திருச்சியில் விமான நிலையம் இருக்கிறது. சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் இங்கிருந்தே நேராகப் பறக்கலாம். 2024-ல் புதிய முனையமும் திறந்தாகிவிட்டது. ஆகவே வெளிநாடு என்பது இங்குள்ளவர்களுக்கு அடுத்த தெரு மாதிரி ஆகிவிட்டது.

போவது தப்பா? தப்பே இல்லை. நன்றாகச் சம்பாதிக்கலாம். புதிய கருவிகளைக் கற்கலாம். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு போக வேண்டும்.

ஜெர்மனிக்குப் போக ஜெர்மன் மொழி வேண்டும். இங்கிலாந்துக்கு ஆங்கிலப் பரீட்சையும் அந்த நாட்டு நர்சு கவுன்சிலின் பரீட்சையும் வேண்டும். வளைகுடா நாடுகளில் சான்றிதழ்களைத் துருவிச் சரிபார்ப்பார்கள். அனுபவச் சான்று இல்லாவிட்டால் பல கதவுகள் திறக்காது. ஆகவே வெளிநாட்டுக்குப் போக நினைப்பவளும் முதலில் இங்கே வேலை பார்த்தே ஆக வேண்டும்.

ஏஜெண்டு விஷயத்தில் எச்சரிக்கை! மத்திய அரசில் பதிவு செய்தவரா என்று பாருங்கள். 'இ-மைகிரேட்' என்ற அரசு இணையதளத்தில் தெரிந்துகொள்ளலாம். பதிவு பெற்ற ஏஜெண்டு வாங்கக்கூடிய கட்டணத்துக்கு 30 ஆயிரம் ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் என்று எல்லை வகுத்திருக்கிறார்கள். லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். நிலத்தை விற்க வேண்டாம். தாலிச் செயினை அடகு வைக்க வேண்டாம்.

தமிழ்நாடு அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று உண்டு. 1978-ல் தொடங்கியது. முதலில் அங்கே விசாரியுங்கள்.

வீடு கொடுக்க மனம் வேண்டும்

இனி, தங்குவதைப் பார்ப்போம்.

துறையூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் திருச்சிக்கு வேலைக்கு வருகிறாள் என்று வையுங்கள். அவள் வீடு தேடிப் போகிறாள்.

"என்ன ஜாதி?" என்கிறார் ஒரு வீட்டுக்காரர்.

"கறி சமைப்பீர்களா?" என்கிறார் இன்னொருவர்.

"ராத்திரி பத்து மணிக்கு மேல் கதவு திறக்க மாட்டோம்" என்கிறார் மூன்றாமவர்.

இரவு டூட்டிக்குப் போகும் பெண் இரவில் வராமல் எப்போது வருவாள்?

2020-ஆம் ஆண்டை உலக சுகாதார நிறுவனம் நர்சுகள், மருத்துவச்சிகள் ஆண்டு என்று அறிவித்தது. நைட்டிங்கேல் அம்மையார் பிறந்து 200 ஆண்டு நிறைந்த ஆண்டு அது. அதே ஆண்டில் கொரோனா வந்தது. வாசலில் நின்று நர்சுகளுக்காகக் கை தட்டினோம். கை தட்டிய கையாலேயே "வீட்டைக் காலி செய்" என்று சொன்னவர்களும் நாட்டில் இருந்தார்கள். இதை மறந்துவிடக் கூடாது.

ஸ்ரீரங்கத்துக்கு இது இன்னும் முக்கியம். சித்திரை வீதியிலும் உத்தர வீதியிலும் எத்தனை வீடுகளில் வயதான தம்பதிகள் தனியாக இருக்கிறார்கள்! பிள்ளை அமெரிக்காவில். பெண் பெங்களூரில். பகலில் கோவில், மாலையில் டெலிபோன். திடீரென்று பெரியவர் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டால் யாரைக் கூப்பிடுவார்கள்? நர்சு வேண்டும் என்று அலைகிறார்கள். அந்த நர்சுக்குத்தான் அதே வீதியில் மாடி அறையைக் கொடுக்க மறுக்கிறார்கள்!

மாடியில் ஒரு நர்சு குடியிருந்தால் கீழே இருக்கும் பெரியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தைரியம்? வாடகைக்கு வாடகையும் ஆயிற்று. துணைக்குத் துணையும் ஆயிற்று.

வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசு 'தோழி' விடுதிகளை நடத்துகிறது. திருச்சியிலும் உண்டு. அது போதாது. பெரிய ஆஸ்பத்திரிகள் தங்கள் நர்சுகளுக்கு விடுதி கட்ட வேண்டும். கட்டடத்துக்கு மேல் கட்டடம் எழுப்புகிறவர்களுக்கு அது பெரிய செலவல்ல.

ஆறும் பாலமும்

ஸ்ரீரங்கம் ஒரு தீவு. ஒரு பக்கம் காவிரி. மறு பக்கம் கொள்ளிடம். திருச்சிக்குப் போக வேண்டுமானால் பாலம் வேண்டும்.

1976-ல் திறந்த காவிரிப் பாலத்தைப் பழுது பார்க்க 2022 செப்டம்பரில் மூடினார்கள். 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். ஆறு மாதம் பஸ்கள் சென்னை நெடுஞ்சாலைப் பாலத்தைச் சுற்றிப் போயின. ஆபீசுக்குப் போகிறவர் கால் மணி தாமதமாகப் போகலாம். நர்சு போக முடியுமா? அவள் வரும்வரை முந்தைய டூட்டி நர்சு வீட்டுக்குப் போக முடியாது.

ஆகவே ஊரைப் பார்த்தால் மட்டும் போதாது. வழியையும் பார்க்க வேண்டும். இரவு எட்டு மணிக்குப் பஸ் உண்டா? பஸ் நிறுத்தத்திலிருந்து ஆஸ்பத்திரி வரை விளக்கு உண்டா? ஆஸ்பத்திரி வேன் உண்டா? ஏழெட்டு கிலோமீட்டர் பகலில் தூரமல்ல. இரவில் அது வேறு தூரம்.

2024 ஆகஸ்டில் கொல்கத்தா அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டருக்கு நேர்ந்த கொடுமை நாட்டையே உலுக்கியது. இரவு டூட்டியில் சற்றுக் களைப்பாறப் போன இடத்தில் அது நடந்தது. அந்தப் பெண்ணின் ஊர் காரணமல்ல. காவல் இல்லாததே காரணம். "வெளியூர் ஆபத்து, உள்ளூர் பத்திரம்" என்று நினைத்து ஏமாற வேண்டாம். எந்த ஊரிலும் ஆஸ்பத்திரி பத்திரமாக இருக்கிறதா என்பதே கேள்வி.

கேட்க வேண்டிய கேள்விகள்

பெண் வேலைக்குச் சேரும் முன் வீட்டார் கூட உட்கார்ந்து இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்:

சம்பளம் எவ்வளவு? எழுத்தில் தருவார்களா? வருங்கால வைப்பு நிதி உண்டா?

ஒரு நர்சுக்கு எத்தனை நோயாளிகள்? போதனா ஆஸ்பத்திரி வார்டில் 3 பேருக்கு ஒருவர், மற்ற ஆஸ்பத்திரியில் 5 பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. இருபது பேரை ஒருத்தி தலையில் கட்டுகிறார்களா?

மாதத்தில் எத்தனை இரவு டூட்டி? மறுநாள் ஓய்வு உண்டா? நர்சுகள் களைப்பாறத் தாழ்ப்பாள் உள்ள அறை உண்டா?

பெண்கள் புகார் சொல்லக் குழு இருக்கிறதா? பத்துப் பேர் வேலை பார்க்கும் எந்த இடத்திலும் அது இருந்தாக வேண்டும். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இது.

அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வார்களா? அப்படியானால் வேண்டாம். சரிபார்க்கக் காட்டுங்கள். நகலைக் கொடுங்கள். அசலை விடாதீர்கள். அது போனால் அவள் கால்கட்டு விழுந்த மாதிரிதான்.

இவற்றுக்குச் சரியான பதில் வந்தால் ஊர் எதுவானாலும் போகலாம். பதில் வராவிட்டால் வீட்டுக்கு எதிர்வீடானாலும் போக வேண்டாம்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு

"கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிட வேண்டும்" என்று சொல்கிற மாப்பிள்ளை வீட்டாரும் உண்டு. "இரவு டூட்டி இல்லாத வேலை பார்க்கட்டும்" என்று சொல்கிறவர்களும் உண்டு.

அவர்கள் வீட்டில் ஒருவருக்கு நள்ளிரவில் மாரடைப்பு வந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுவார்கள். அங்கே வெள்ளை உடையில் ஒரு பெண் நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். அவளும் ஒரு வீட்டின் மருமகள்தானே!

மூன்று நான்கு ஆண்டு படித்த படிப்பு அது. அரசும் பெற்றோரும் செலவழித்த பணம் அது. கல்யாணப் பேச்சின்போதே "இவள் வேலை பார்ப்பாள், இரவிலும் பார்ப்பாள்" என்று தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

அவளைக் கேளுங்கள்

திருச்சியிலேயே இருக்க ஒரு பெண் விரும்பினால் அவளைத் துணிச்சல் இல்லாதவள் என்று சொல்லாதீர்கள். தாய் தந்தைக்கு அருகில் இருக்க விரும்புவது நல்ல காரணமே. வெளியூர் போக விரும்பினால் பாசம் இல்லாதவள் என்று சொல்லாதீர்கள். கற்றுக்கொள்ள விரும்புவதும் நல்ல காரணமே. இன்று போகிறவள் ஐந்து ஆண்டு கழித்துத் திரும்பி வரலாம். அப்போது இந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு அவள் அனுபவம் கிடைக்கும். அவள் திரும்பி வருகிற மாதிரி ஊரையும் ஆஸ்பத்திரியையும் வைத்துக்கொள்வது நம் எல்லோருடைய பொறுப்பு.

இன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் எல்லோரும் இருப்பீர்கள். நர்சு படித்த பெண் உங்கள் வீட்டில் இருந்தால் சாப்பாடு ஆனதும் அவளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். மாமாவும் பெரியப்பாவும் சற்று நேரம் பேசாமல் இருக்கட்டும்.

"நீ என்ன அம்மா நினைக்கிறாய்?" என்று கேளுங்கள்.

அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள்.